மூன்று படிகளுக்கு இடமுண்டு: நூலக நகலும் பதிப்புரிமைச் சட்டமும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 இல் இயற்றப்பட்டு, 1958 சனவரி 21 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு நூலைப் படியெடுக்கும் உரிமையை அதன் பதிப்புரிமை உடையவருக்கு மட்டுமே அச்சட்டத்தின் 14 ஆம் பிரிவு உரித்தாக்குகிறது. அவ்வுரிமையை மீறியதாகக் கருதப்படாத செயல்கள் எவையெவை என்பதை 52 ஆம் பிரிவு நீண்டதொரு பட்டியலாகத் தருகிறது. நூலகங்களைப் பற்றிய பேச்சில் முன்னதே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. பின்னதை ஒருமுறையேனும் முழுதாகப் படித்தவர் குறைவு. இதனால் விளைந்த முரண் கருவேப்பிலங்குறிச்சியைப் போன்ற சிற்றூர்களின் வாசகருக்கு நன்கு பழகிப்போனது: கிளை நூலகத்தில் கிடைத்த ஒரு நூலின் நான்கு பக்கங்களை வெளியே கொண்டுபோய் நகலெடுக்க இசைவு கேட்டால் தயக்கமே விடையாக வருகிறது, பேருந்து நிலையங்களை அடுத்த ஜெராக்ஸ் கடைகளிலோ போட்டித் தேர்வுக்கான தனியார் நூல்கள் முழுமையாக நகலெடுக்கப்பட்டு, ஸ்பைரல் பைண்டிங் போடப்பட்டு, அடுக்கி விற்கப்படுகின்றன. சட்டம் அனுமதிப்பது அஞ்சித் தவிர்க்கப்படுகிறது, தடுப்பது அச்சமின்றி நடக்கிறது. இவ்விரண்டில் முதலாவதே இச்சொற்பொழிவின் பொருள்.

நகலெடுப்பதைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் முன்னதாக, அந்நூலுக்குப் பதிப்புரிமை இன்னும் இருக்கிறதா என்ற கேள்வி தீர்க்கப்பட வேண்டும். ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து அறுபது ஆண்டுகள் என்பது இந்தியச் சட்டம் வகுத்த காலம். தொடக்கத்தில் இது ஐம்பது ஆண்டுகளாகவே இருந்தது. 1941 இல் மறைந்த தாகூரின் நூல்களுக்கான உரிமை 1991 இறுதியில் முடியவிருந்த நிலையில், பத்தாண்டுகள் கூட்டப்பட்டு அறுபதானது. ஒரு பெரும் கவிஞருக்காக நீட்டப்பட்ட காலம், பெயரே மறந்துபோன ஆயிரக்கணக்கான நூலாசிரியர்களுக்கும் சேர்த்தே நீண்டது என்பது அப்போது அதிகம் பேசப்படவில்லை.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதற்கு, கருவேப்பிலங்குறிச்சியும் விருத்தாசலமும் அடங்கிய இவ்வட்டாரத்தோடு பெயரளவிலேனும் தொடர்புடைய ஓர் எழுத்தாளர் நல்ல எடுத்துக்காட்டாவார். திருப்பாதிரிப்புலியூரில் 1906 இல் பிறந்து, விருத்தாசலம் என்ற ஊர்ப்பெயரையே இயற்பெயராகக் கொண்ட புதுமைப்பித்தன் 1948 சூன் 30 இல் காலமானார். அவர் வாழ்ந்த காலத்தில் அச்சேறிய கதைகளுக்கான பதிப்புரிமை, 1949 சனவரி முதல் அறுபது ஆண்டுகள் கணக்கிடப்பட்டு, 2008 திசம்பர் 31 அன்று முடிந்தது. அதற்கு முன்னரே, 2002 இல், தமிழக அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமையாக்கியிருந்தது. அதாவது, குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை அளித்து, எவரும் பதிப்பிக்கலாம் என்ற நிலையை ஏற்படுத்தியிருந்தது. ஆகவே அவருடைய ஒரு சிறுகதையை விருத்தாசலத்தில் உள்ள ஒரு கல்லூரி மாணவர் முழுமையாக நகலெடுப்பதற்கோ, ஒரு நூலகம் அதை நூறு படிகள் அச்சிட்டு வழங்குவதற்கோ இன்று சட்டத்தில் தடை ஏதுமில்லை.

ஆயினும் இவ்வளவோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. கதைக்கு உரிமை இல்லை என்பதால், கதையைத் தாங்கிய புத்தகத்தின் எல்லாப் பக்கங்களுக்கும் உரிமை இல்லை என்றாகாது. மூலபாடத்தை ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளைக் குறித்து, முன்னுரையும் பின்னிணைப்பும் எழுதிய பதிப்பாசிரியரின் உழைப்புக்குத் தனியான பாதுகாப்பு உண்டு. சங்க நூல்களுக்கு உரிமையாளர் எவருமில்லை. அவற்றுக்கு அண்மையில் எழுதப்பட்ட உரைக்கு உரிமையாளர் உண்டு. பரிமேலழகர் உரையை எவரும் அச்சிடலாம். 1974 இல் மறைந்த ஓர் அறிஞரின் குறள் உரை நாட்டுடைமையாக்கப்படாதிருந்தால், அது 2034 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டதே. கைப்பேசிகளில் நாள்தோறும் பரிமாறப்படும் குறள் விளக்கங்களில் எத்தனை இவ்வகையைச் சேர்ந்தவை என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆசிரியர் இறந்தபின் முதன்முதலாக வெளிவரும் எழுத்துக்குச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு வேறொரு கணக்கை வைத்திருக்கிறது. அங்கே அறுபது ஆண்டுகள் இறப்பிலிருந்து எண்ணப்படுவதில்லை, முதல் வெளியீட்டிலிருந்து எண்ணப்படுகின்றன. 1940களில் மறைந்த ஓர் எழுத்தாளரின் கடிதக் கட்டு, அவர் மறைந்தபோது உரிமைக்கு உட்பட்டதாக இருந்து, 1998 இல் முதன்முதலாக அச்சாகியிருந்தால், அதன் காலம் 2058 முடியும்வரை நீளும். புகழ்பெற்ற கதை பொதுச்சொத்தாகிவிட, அதே கையால் எழுதப்பட்ட கடிதம் பாதி நூற்றாண்டுக்குப் பிறகே பொதுவாகும் நிலை இவ்வாறு உண்டாகிறது. நாட்டுடைமையாக்கம் இத்தகைய எழுத்தையும் தழுவியதா என்பது அந்தந்த அரசாணையையும் உரிமை மாற்ற ஆவணத்தையும் பார்த்தே சொல்லத்தக்கது.

நாட்டுடைமையாக்கம் தமிழகத்தின் தனித்த வழக்கம் என்றே சொல்லலாம். 1949 இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான அரசு பாரதியின் படைப்புகளுக்கான உரிமையைப் பெற்றதும், பாடல்களின் இசைத்தட்டு, திரைப்பட உரிமையை வைத்திருந்த ஏ.வி. மெய்யப்பன் அதை விட்டுக்கொடுத்ததும், சில ஆண்டுகள் கழித்து அவை மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கப்பட்டதும் பலமுறை எழுதப்பட்ட வரலாறு. பாரதி 1921 இல் மறைந்தவர் என்பதால், அன்றைய சட்டப்படி 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்த பாடல்கள் ஒரு தலைமுறை முன்னதாகவே விடுபட்டன. கல்கியின் எழுத்துகள் 1999 இல் நாட்டுடைமையானபின் பொன்னியின் செல்வன் எத்தனை பதிப்பகங்களின் முத்திரையோடு, எத்தனை விலைகளில் வெளிவந்தது என்பதைப் புத்தகக் கண்காட்சிக்குச் சென்ற எவரும் அறிவர். இதுவரை நூற்று ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் எழுத்துகள் இவ்வாறு நாட்டுடைமையாகியுள்ளன. எல்லாரும் இசைந்தார்கள் என்றும் இல்லை. 2009 இல் அறிவிக்கப்பட்ட பட்டியலில் இடம்பெற்ற சுந்தர ராமசாமி, கண்ணதாசன் ஆகியோரின் குடும்பத்தார் உரிமையைத் தாமே வைத்துக்கொள்வதாகக் கூறி மறுத்தனர்.

இத்திட்டத்தின் நன்மையை எவரும் மறுக்க இயலாது. எனினும் நூலகத்தின் பார்வையில் அதற்கொரு குறை உண்டு. பெயர்பெற்ற எழுத்தாளர்களே பட்டியலில் ஏறுகிறார்கள். அவர்களுடைய நூல்களோ எப்படியும் கடையில் கிடைப்பவை. ஒரே பதிப்போடு நின்றுபோன விவசாயக் கையேடு, தலபுராண உரைநடை, தொழிற்கல்விக்கென 1950களில் எழுதப்பட்ட களிமண் வேலைப் பாடநூல், உள்ளூர்ப் புலவரின் சிற்றிலக்கியம் ஆகியவற்றுக்கு எந்த அரசாணையும் வருவதில்லை. அவற்றைக் காக்கும் பொறுப்பு, அவை அலமாரியில் எஞ்சியிருக்கும் நூலகத்தையே சேர்கிறது.

உரிமை இன்னும் உயிரோடிருக்கும் நூலை வாசகர் என்ன செய்யலாம் என்பதற்கு 52 ஆம் பிரிவின் முதற்கூறே விடை தருகிறது. தனிப்பட்ட பயன்பாடு, ஆராய்ச்சி, திறனாய்வு, மதிப்புரை, நடப்புச் செய்தி அறிவித்தல் ஆகியவற்றுக்காக ஒரு நூலை நேர்மையான முறையில் கையாள்வது மீறல் ஆகாது என்கிறது அக்கூறு. நேர்மையான கையாளுகை என்பதற்குச் சட்டம் அளவுகோல் எதையும் தரவில்லை. பத்து விழுக்காடு வரை நகலெடுக்கலாம் என்ற நம்பிக்கை கல்லூரி நூலகங்களில் பரவலாக உள்ளது. சில இடங்களில் அது அறிவிப்புப் பலகையாகவே தொங்குகிறது. இந்தியச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் அப்படியொரு விழுக்காடு இல்லை. நீதிமன்றங்கள் பார்ப்பவை வேறு: எடுத்த நோக்கம் என்ன, அந்நோக்கத்துக்கு எவ்வளவு தேவைப்பட்டது, நூலின் விற்பனைக்கு அந்த நகல் மாற்றாக நிற்கிறதா என்பவை. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பப் பட்டயம் பயிலும் மாணவர் ஒருவர், சூளையின் வெப்பநிலைக்கேற்ப மெருகுப் பூச்சு எவ்வாறு மாறுகிறது என்பதை விளக்கும் ஓர் இயலைத் தன் ஆய்வேட்டுக்காக நகலெடுப்பது இக்கூற்றுக்குள் அடங்கும். அதே இயலை நாற்பது பேருக்கு விற்பதற்காக ஒரு கடை நகலெடுத்து அடுக்குவது அடங்காது. எந்திரம் ஒன்றே, தாளும் ஒன்றே, நோக்கம் மட்டுமே வேறு. சட்டம் அந்த வேறுபாட்டின்மீதுதான் நிற்கிறது.

வகுப்பறைக்கான நகலைப் பற்றி இந்தியாவில் நடந்த மிகப் பெரிய வழக்கு தில்லிப் பல்கலைக்கழக நகலகத்தைச் சுற்றி எழுந்தது. தில்லிப் பொருளியல் பள்ளி வளாகத்தில் இராமேசுவரி போட்டோகாப்பி சர்வீசஸ் என்ற சிறு கடை, பல்கலைக்கழகத்தின் உரிமத்தோடு, பாடத்திட்டம் பரிந்துரைத்த நூல்களின் பகுதிகளைத் தொகுத்து மாணவருக்கு நகலெடுத்துக் கொடுத்துவந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012 இல் அக்கடையின்மீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. மாணவர்களும் ஆசிரியர்களும் சங்கம் அமைத்து வழக்கில் தம்மையும் சேர்த்துக்கொண்டனர். ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின்போது ஒரு நூலைப் படியெடுப்பது மீறல் அன்று என்ற 52 ஆம் பிரிவின் மற்றொரு கூறே விவாதத்தின் மையமாயிற்று: கற்பித்தலின்போது என்றால் வகுப்பு நடக்கும் அந்த ஒரு மணி நேரம் மட்டுமா, பாடத்திட்டம் வகுப்பதில் தொடங்கித் தேர்வு வரை நீளும் காலம் முழுவதுமா என்பதே கேள்வி.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா, பின்னதே சரியென்று கொண்டு வழக்கைத் தள்ளுபடி செய்தார். மாணவர் நூலகத்தில் அமர்ந்து கையால் எழுதிக்கொள்வது குற்றமில்லை என்றால், அதே வேலையை எந்திரம் விரைவாகச் செய்வதால் மட்டும் அது குற்றமாகிவிடாது என்பது அவர் காட்டிய தருக்கத்தின் சாரம். மேல்முறையீட்டை விசாரித்த இரு நீதிபதிகள் அமர்வு, அதே ஆண்டு திசம்பர் 9 இல், அடிப்படைக் கொள்கையை ஏற்று, எவ்வளவு பக்கங்கள் என்ற எண்ணிக்கை வரம்பு சட்டத்தில் இல்லை என்றும், கற்பித்தலுக்குத் தேவையான அளவா என்பதே அளவுகோல் என்றும் கூறி, அந்தத் தேவையை மட்டும் விசாரித்தறிய வழக்கைக் கீழே திருப்பியனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டன. இத்தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்பதும், வழிகாட்டும் மதிப்பு மட்டுமே உடையது என்பதும் உண்மைதான்; ஆனால் இதற்கு எதிரான தீர்ப்பு உச்ச நீதிமன்றத்திலிருந்து வரவில்லை. பாடத்திட்டத்தில் உள்ள நூலின் இயல் ஒன்றை வகுப்புக்காக நகலெடுக்கும் அரசுக் கல்லூரி ஆசிரியர் ஒளிந்துகொண்டு அதைச் செய்யத் தேவையில்லை.

இவையெல்லாம் வாசகருக்கும் ஆசிரியருக்கும் உரியவை. நூலகத்துக்கென்றே வகுக்கப்பட்டவை மூன்று. அவற்றைச் சற்று விரிவாகக் காண்பது தகும், ஏனெனில் மிகக் குறைவாகக் கையாளப்படுபவை இவையே.

முதலாவது, இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத ஒரு நூலை, வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன் பயன்பாட்டுக்காக மூன்று படிகள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது. நூல் என்பதில் துண்டுப் பிரசுரம், நிலப்படம், வரைபடம், இசைக்குறிப்புத் தாள் ஆகியனவும் அடங்கும். ஆசிரியர் உயிரோடிருந்தாலும், பதிப்புரிமை முழு வலிமையோடு இருந்தாலும், நூலகர் எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை. நூலகப் பொறுப்பாளரின் கட்டளையின்படி படியெடுத்தலே போதும். ஒரே நிபந்தனை, நூல் விலைக்குக் கிடைக்காதிருப்பது. பழைய புத்தகக் கடையில் ஒரு படி கிடைப்பது விற்பனைக்குக் கிடைப்பதாகுமா என்பதைச் சட்டம் தெளிவுபடுத்தவில்லை. தேவைக்கேற்ப ஒவ்வொரு படியாக அச்சிட்டுத் தரும் முறை பரவிவிட்ட இக்காலத்தில், அச்சில் இல்லை என்று நேற்றுச் சொல்லப்பட்ட நூல் இன்று பதிப்பகத்தின் விலைப்பட்டியலில் இருக்கக்கூடும். ஆகவே பதிப்பகத்துக்கு ஓர் அஞ்சலட்டை, விலைப்பட்டியலைப் பார்த்த தேதி, விடை வராத செய்தி ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்துக்கொள்வது நூலகருக்குப் போதிய காப்பாகும்.

பொது நூலகம் என்பது எது என்பதிலும் ஐயத்துக்கு இடமுண்டு. கல்லூரி நூலகமும் ஆய்வு நிறுவனத்தின் நூலகமும் இச்சொல்லுக்குள் வருமா என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை. ஆனால் 1948 ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்கீழ், சொத்துவரியோடு சேர்த்துத் தண்டப்படும் நூலக வரியால் நடக்கும் கிளை நூலகத்தையும் ஊர்ப்புற நூலகத்தையும் பற்றி எவரும் ஐயுற முடியாது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்த அச்சட்டம் இந்தியாவிலேயே அவ்வகையில் முன்னோடியானது. பல்கலைக்கழக நூலகத்துக்கு ஐயத்துக்குரியதாக உள்ள சலுகை, சிற்றூர்க் கிளை நூலகத்துக்கு ஐயமின்றி உரியதாக இருப்பது சட்டத்தின் விந்தைகளில் ஒன்று.

இரண்டாவது, 2012 திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. நூலகத்திடம் அச்சுப்படி இருக்கும் எந்த நூலையும், பாதுகாத்தல் கருதி, மின்வடிவில் சேமித்து வைத்துக்கொள்ளலாம். விற்பனையில் உள்ளதா இல்லையா என்ற நிபந்தனை இங்கே இல்லை. இதன் அருமை பழைய நூலைக் கையில் எடுத்தவருக்குத் தெரியும். ஐம்பதுகளின் மலிவுப் பதிப்புகள் மரக்கூழ்த் தாளில் அச்சிடப்பட்டவை. அத்தாளிலேயே தங்கிவிட்ட அமிலம் ஆண்டுக்காண்டு அதை உண்டு, ஓரங்களைப் பழுப்பாக்கி, மடித்த இடத்தில் முறியச் செய்கிறது. அத்தகைய நூலை ஜெராக்ஸ் எந்திரத்தின் கண்ணாடிமீது கவிழ்த்து முதுகை அழுத்தினால் தையல் விட்டுப்போகும், பக்கம் பக்கமாகக் கழன்று வரும். மெத்தைபோல் மடித்த துணிமீது பாதி விரித்து வைத்து, மேலிருந்து படம் பிடிப்பதே முறை. தாங்கியில் பொருத்திய கைப்பேசி ஒன்றே இதற்குப் போதுமானது. சட்டத்தின் இசைவும் முன்னரே கிடைத்துவிட்டது. சேமித்த படத்தை வாசகருக்குத் திரையில் காட்டலாமா என்பதில் மட்டும் அக்கூறு மௌனம் காக்கிறது; இணையத்தில் ஏற்றுவதற்கு அது இடம்தரவில்லை என்பது தெளிவு.

ஒற்றைப் படியாக எஞ்சிய நூல் என்னவாகும் என்பதைத் தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1981 சூன் முதல் நாளுக்கு முந்தைய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ தொண்ணூற்றேழாயிரம் நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாதவையும் அவற்றில் இருந்தன. 2005 முதல் ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் திரட்டிவரும் ‘நூலகம்’ என்ற நிறுவனத்தின் உழைப்பை அந்த இழப்போடு சேர்த்தே பார்க்க வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுவதும் திரட்டிய நூல்களும் இதழ்களும், 1992 இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சிதறாமல் காக்கப்பட்டு, 1994 முதல் சென்னையில் நூலகமாக இயங்கி நுண்படமாகவும் மின்வடிவாகவும் பெருகியதும் இவ்வகைப் பணியே. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து மின்னூல்களாக எவருக்கும் இலவசமாக வழங்கிவருகின்றனர். எல்லைக்கு எல்லை காலம் மாறும் என்பதும் இங்கே கருதத்தக்கது: இலங்கையின் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் இறப்புக்குப்பின் எழுபது ஆண்டுகள் என்று வகுத்திருப்பதால், 1960 இல் மறைந்த ஓர் ஈழத்து ஆசிரியரின் நூல் 2021 முதல் இந்தியாவில் பொதுவாகிவிட, இலங்கையில் 2030 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டே இருக்கும்.

மூன்றாவது கூறு, அச்சேறாத எழுத்தைப் பற்றியது. பொதுமக்கள் அணுகக்கூடிய நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ உள்ள கையெழுத்துப் படியை, ஆய்வுக்காகவோ வெளியிடும் நோக்கத்துடனோ படியெடுக்கலாம். ஆசிரியர் இன்னார் என்று தெரிந்திருந்தால் அவர் இறந்து அறுபது ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும், தெரியாதிருந்தால் அந்தத் தடையும் இல்லை. ஏட்டுச் சுவடிகளும் கணக்குப் பேரேடுகளும் இதனுள் அடங்கும். அரசு வெளியீடுகளுக்கோ வெளியான ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகளே காலம். கருவேப்பிலங்குறிச்சியும் விருத்தாசலமும் அன்று அடங்கியிருந்த தென்னார்க்காடு மாவட்டத்தைப் பற்றி கார்ஸ்டின் 1878 இல் எழுதிய கையேட்டையும், பிரான்சிஸ் 1906 இல் தொகுத்த விவரச்சுவடியையும் எவரும் முழுமையாக நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம்.

பார்வைக் குறைபாடு உள்ள வாசகருக்காக எந்த நூலையும் ஒலிவடிவிலோ பிரெய்லிலோ, இலாப நோக்கமின்றி, மாற்றித் தரலாம் என்பதும் 2012 இல் வந்த திருத்தமே. இதே நோக்கில் உலக நாடுகள் 2013 இல் மராகேஷ் நகரில் செய்துகொண்ட உடன்படிக்கையை 2014 சூனில் முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. கிளை நூலகத்தில் தன்னார்வலர் ஒருவர் புதினத்தைப் படித்து ஒலிப்பதிவு செய்து பார்வையற்ற மாணவருக்குக் கொடுப்பதற்கு எவருடைய இசைவும் வேண்டா.

மூன்று படிகளுக்கு மேல் வேண்டும், மறுபதிப்பாகவே கொண்டுவர வேண்டும் என்றால் பாதை கடினமாகிறது. உரிமையாளர் இன்னார் என்றோ எங்கே இருக்கிறார் என்றோ கண்டறிய முடியாத நூல்களுக்குச் சட்டத்தின் 31ஏ பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. உரிமம் கோருபவர், நாட்டின் பெரும்பகுதியில் பரவியுள்ள ஆங்கில நாளேடு ஒன்றில் தம் நோக்கத்தை விளம்பரம் செய்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தை விசாரித்துவந்த மேல்முறையீட்டு வாரியம் 2021 இல் கலைக்கப்பட்டு, அப்பொறுப்பு வணிக நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. மொழிபெயர்ப்பாக இருந்தால் மட்டுமே அந்த மொழி நாளேட்டிலும் விளம்பரம் தேவை; தமிழ் நூலைத் தமிழிலேயே மறுபதிப்புச் செய்ய ஆங்கில நாளேடு போதும். தென்னார்க்காட்டுச் சிற்றூர் ஒன்றில் 1955 இல் நூல் எழுதியவரின் பேரனோ பேத்தியோ அந்த ஆங்கில விளம்பரத்தைப் பார்த்து உரிமை கோர வருவார் என்று எதிர்பார்ப்பது, சட்டம் இயற்றியவர்களுக்குத் தமிழ்ப் பதிப்புலகம் எட்டாத தொலைவில் இருந்ததையே காட்டுகிறது. முப்பது நாற்பது படிகளே விற்கக்கூடிய நூலுக்கு, விளம்பரச் செலவும் வழக்கறிஞர் கட்டணமும் தந்து உரிமம் பெற எந்தச் சிறு பதிப்பகமும் முன்வராது.

அதற்கு மாறாக, நூலகம் தன் கையில் உள்ளதைக்கொண்டு செய்யத்தக்கது எளிய ஒன்று. ஒவ்வொரு நூலகத்திலும் நூல் வந்த தேதி, விலை, பக்கங்கள், பதிப்பகம் ஆகியவற்றைப் பதியும் சேர்க்கைப் பதிவேடு உண்டு. அதில் குறிப்புக்கென ஒரு பத்தி பெரும்பாலும் வெறுமையாகவே விடப்படுகிறது. ஆசிரியர் மறைந்த ஆண்டு தெரிந்தால் அப்பத்தியில் அதை எழுதலாம். தெரியாவிட்டால் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியரிடமோ குடும்பத்தாரிடமோ கேட்டு எழுதலாம். நாட்டுடைமையானதா, எந்த ஆண்டில் என்பதையும், பதிப்பகத்தில் நூல் இருப்பில் இல்லை என்று உறுதியான தேதியையும் அதனருகில் குறிக்கலாம். இவ்வளவும் இருந்தால், முறிந்துகொண்டிருக்கும் ஒரு நூலை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு மூன்று படிகள் எடுக்கலாமா, முப்பது படிகள் எடுக்கலாமா, மின்வடிவில் மட்டும் வைக்கலாமா என்பதை நூலகர் சென்னைக்குக் கடிதம் எழுதாமல் அந்த மேசையிலேயே முடிவுசெய்துவிட முடியும்.